தள்ளுபடி மனு தள்ளுபடி: அமெரிக்க அஞ்சல்வழி ரிபேட் குறித்த ஓர் ஆய்வு

1. பெயரியல்

அஞ்சல்வழி ரிபேட் என்பது, ஒரு பொருளை முழு விலைக்கு வாங்கியவர், அந்த விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி தபாலில் விண்ணப்பித்து, வாரக்கணக்கில் காத்திருந்து, காசோலையாகப் பெறும் தொகை. பெறாமற் போகும் தொகைக்கும் இதே பெயர்தான். அமெரிக்கக் கடைகளில், குறிப்பாகக் கணினி, பிரிண்டர், வெற்று சி.டி., செல்போன் விற்ற கடைகளில், 1990களின் பிற்பாதி முதல் சுமார் பத்தாண்டுக் காலம் இது கொடிகட்டிப் பறந்தது.

ரிபேட் என்ற சொல், அடித்துத் தாழ்த்துவது என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அடிபடுவது விலையா, வாங்குபவரா என்பதை வேர்ச்சொல் தெளிவுபடுத்துவதில்லை. தமிழில் இதற்கு நேரான சொல் தள்ளுபடி. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் புடவை எடுப்பவருக்குத் தெரிந்த தள்ளுபடி பில்லிலேயே கழிந்துவிடும். கல்லாவை விட்டு நகரும்போது விஷயம் முடிந்துவிடும். அமெரிக்கத் தள்ளுபடி கல்லாவை விட்டு நகர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

தமிழ்ச் சொல்லுக்கு நீதிமன்றத்திலும் ஒரு பிழைப்பு உண்டு. கடையில் விலை தள்ளுபடியாகும். கோர்ட்டில் மனு தள்ளுபடியாகும். இவ்விரு பொருளும் ஒரே உறைக்குள் ஒட்டி அனுப்பப்படுவது அஞ்சல்வழி ரிபேட்டில்தான். தள்ளுபடி கேட்டு மனுப்போட்டு, அம்மனுவே தள்ளுபடியாகும்போது சொல்லிலக்கணம் நிறைவுபெறுகிறது. பொருளிலக்கணம், அதாவது இதில் இறங்குவது வாங்குபவருக்குக் கட்டுப்படியாகுமா என்பது, இனிவரும் இயல்களில் ஆராயப்படும்.

2. தோற்றவியல்

ரிபேட்டை நாடறியச் செய்தது கார். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விற்காத கார்கள் களம் களமாக நின்றபோது, 1975 ஜனவரியில் கிரைஸ்லர் நிறுவனம், கார் வாங்கினால் காசோலை தரப்படும் என்று தொலைக்காட்சியில் அறிவித்தது. முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர் ஜோ கரஜியோலா அதைக் கூவி விற்றார். மற்ற கார் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கார் ரிபேட் நூற்றுக்கணக்கான டாலர். அதை மறப்பவர் இல்லை. மறக்கத்தக்க அளவுக்குத் தொகை சிறுத்து, தபாலில் ஏறியபோதுதான் இந்தக் கலை முதிர்ச்சியடைந்தது.

விலையைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் சீட்டில் எழுதிய எண்ணை அடித்துவிட்டு வேறு எண் எழுதலாமே என்ற கேள்வி எழும். இதற்கு உற்பத்தியாளரிடம் நல்ல விடைகள் பல உண்டு. மொத்த விலையைக் குறைத்தால் அதைக் கடைக்காரர் தம் லாபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ரிபேட் நேராக வாங்குபவர் வீட்டுக்குப் போகும். கணினிப் பொருளின் விலை மாதாமாதம் சரிவது. மொத்த விலையைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும், கடையில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும் சரக்குக்கும் உற்பத்தியாளர் ஈடுகட்ட வேண்டியிருக்கும். ரிபேட்டோ குறித்த இரண்டு வாரத்தில் விற்ற பெட்டிக்கு மட்டும். விலையை ஒருமுறை இறக்கினால் மறுபடி ஏற்றுவது கடினம். ரிபேட் கெடு முடிந்ததும் தானே இறந்துவிடும், யாரும் துக்கம் கேட்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அவர் கையாலேயே, அவர் செலவிலேயே வந்து சேரும்.

இன்னொரு விடையும் உண்டு. அது மறதியியலில் வரும்.

3. உறுப்பியல்

ரிபேட் விண்ணப்பத்துக்கு உறுப்புகள் மூன்று: படிவம், பில், பட்டைக்கோடு.

படிவம் பெரும்பாலும் பில்லோடு சேர்ந்து கல்லா இயந்திரத்திலிருந்தே இறங்கும். பிரிண்டர், மை, காகிதம் என மூன்று பொருள் வாங்கியவர், முழங்கை நீளக் காகிதச் சுருளோடு வெளியே வருவார். அதில் எழுத்துக்கு ஒரு கட்டம் வீதம் பெயருக்கென்று கட்டங்கள் இருக்கும். கட்டங்கள் தீர்ந்த பின்னும் பெயர் தீராதவர்கள் உண்டு. வெங்கடசுப்பிரமணியன் என்ற பெயருடையவருக்கு ரிபேட் தரும் நோக்கம் அந்தக் கட்டங்களை வரைந்தவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கட்டங்களுக்குக் கீழே, எறும்பு வரிசை போன்ற எழுத்தில் நிபந்தனைகள். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். இன்ன தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும். இன்ன தேதிக்குள் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். தபாலில் தொலைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல. எட்டு முதல் பத்து வாரம் காத்திருக்கவும்.

பில் சில ரிபேட்டுகளுக்கு அசலாக வேண்டும்; சிலவற்றுக்கு நகல் போதும். ஒரே பொருளுக்கு உற்பத்தியாளர் ஒரு ரிபேட்டும் கடை ஒரு ரிபேட்டும் தரும்போது சிக்கல் வரும். இருவரும் அசல் பட்டைக்கோடு கேட்டால், பெட்டியில் இருப்பது ஒன்று. எதற்கு அசல், எதற்கு நகல் என்று எறும்பு எழுத்தில் தேடிக் கண்டுபிடித்துப் பிரித்து அனுப்புவது, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதற்கு ஒப்பான வேலை.

பட்டைக்கோடு மூன்றாம் உறுப்பு. அறுவை தேவைப்படுவது இதற்கு மட்டுமே. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலம் டிராய் நகரக் கடையொன்றில், ரிக்லி சூயிங்கம் பாக்கெட்டில் முதன்முதலாகப் பட்டைக்கோடு கல்லாவில் படிக்கப்பட்டது. கல்லாவில் நேரம் மிச்சப்படுத்தப் பிறந்த அந்தக் கோடுகள், ரிபேட்டில் வீட்டில் நேரம் செலவழிக்கப் பயன்படுகின்றன. பிரிண்டர் பெட்டியின் நெளியட்டை கத்தரிக்கோலுக்கு அடங்காது. காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து, நான்கு பக்கமும் கீறி, உள்ளே விரலை விட்டு நெம்பினால், மேல் தாள் மட்டும் உரிந்து வரும்; கோடுகளில் இரண்டு அட்டையிலேயே தங்கிவிடும். சில பெட்டிகளில் ஒன்றுக்கு மூன்று பட்டைக்கோடு இருக்கும்: ஒன்று பொருளின் எண், ஒன்று வரிசை எண், மற்றொன்று கிடங்குக்கு. கேட்டது முதலாவதை. அறுத்தது பெரும்பாலும் இரண்டாவதை.

அறுத்த பின் திரும்பிப் போக வழியில்லை. பட்டைக்கோடு இல்லாத பெட்டியைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளாது. பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் வேண்டும். ரிபேட்டின் கெடுவும் ஏறக்குறைய அதுவே. மூக்கறுபட்ட பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு, பிரிண்டர் மூன்றாம் வாரம் மக்கர் செய்தால், சூர்ப்பணகைக்கு இருந்த அளவுக்குக்கூட முறையிட இடம் கிடைப்பதில்லை.

4. செயலியல்

உறையில் எழுதும் முகவரி பெரும்பாலும் உற்பத்தியாளரின் ஊர் அல்ல. ரிபேட் பரிசீலனை தனித் தொழில். அதற்கெனத் தனி நிறுவனங்கள் உண்டு. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸுக்குத் தென்மேற்கே இருக்கும் யங் அமெரிக்கா என்ற சிற்றூரில் இருந்தது. ஊர்ப் பெயரே நிறுவனத்தின் பெயர். ஊரின் அஞ்சல் குறியீடுகளில் ஒன்று 55555. சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு நாடு முழுவதிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் தபால் வந்தது. அமெரிக்கக் குடும்பங்களின் இரண்டு தலைமுறை எதிர்பார்ப்பு அந்தத் தபாற்பெட்டிகளுக்குள் படுத்திருந்தது என்றால் மிகையில்லை.

அங்கே உறை பிரிக்கப்படும். பெயரும் முகவரியும் கணினியில் ஏறும். பில்லின் தேதி, கடையின் பெயர், பட்டைக்கோட்டின் எண் சரிபார்க்கப்படும். எல்லாம் பொருந்தினால் காசோலை. ஒன்று பொருந்தாவிட்டால் ஓர் அஞ்சலட்டை: தங்கள் விண்ணப்பத்தில் செல்லுபடியாகும் பட்டைக்கோடு இல்லை. அசலை அனுப்பிவிட்டு நகல் எடுத்து வைக்காதவருக்கு அந்த அட்டையோடு வழக்கு முடிந்தது. நகல் வைத்திருப்பவருக்கு மேல்முறையீடு உண்டு. அதற்குத் தொலைபேசி, அதில் சங்கீதம், பிறகு மறுபடியும் ஆறு முதல் எட்டு வாரம்.

பரிசீலிக்கும் நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவர் உற்பத்தியாளர். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பணம் போவதும் அவர் பையிலிருந்தே. இந்த அமைப்பு பற்றி மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

வென்ற விண்ணப்பத்தின் காசோலைக்கும் ஒரு கண்டம் உண்டு. அது உறையில் வராமல், மடித்து ஒட்டிய பளபளப்பான அட்டையாக, வாங்கிய கடையின் பெயரில்லாமல், யாரோ ஒரு நிறுவனத்தின் முத்திரையோடு வரும். அதே தபாற்பெட்டியில் பீட்சா கூப்பனும், கம்பளம் சுத்தம் செய்வோரின் விளம்பரமும் கிடக்கும். மூன்றையும் ஒரே பிடியாக எடுத்துக் குப்பையில் போடுவது இயல்பு. குப்பைக்குத் தப்பிய காசோலையிலும் 90 நாளுக்குள் மாற்றவும் என்ற வகையில் ஒரு கெடு அச்சடித்திருக்கும்.

5. மறதியியல்

இத்தொழிலின் கலைச்சொற்களில் தலையானவை இரண்டு: பிரேக்கேஜ், ஸ்லிப்பேஜ். பொருளை வாங்கியும் ரிபேட் கேட்டு எழுதாமல் விட்டது முதலாவது. காசோலை வந்தும் வங்கிக்குப் போகாதது இரண்டாவது. உடைவு, நழுவல் என்று தமிழாக்கலாம். உடைந்ததும் நழுவியதும் வாங்குபவர் கையிலிருந்து, சேர்ந்தது வேறிடத்தில். 2005இல் பிஸினஸ்வீக் இதழ், ஆண்டுக்குச் சுமார் 40 கோடி ரிபேட்டுகள், மொத்த மதிப்பு 600 கோடி டாலர், அதில் 40 சதவீதம் கைக்கு வராமலே போகிறது என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. மேலே சொல்லாமல் விட்ட விடை இதுவே. எல்லாரும் தவறாமல் எழுதிக் கேட்டால் எந்த நிறுவனமும் இருபது டாலர் சி.டி. கட்டுக்கு இருபது டாலர் ரிபேட் அறிவிக்க முடியாது. ரிபேட் கழித்தால் இலவசம் என்று எழுதிய பலகைக்கு முட்டுக்கொடுத்து நின்றது வாங்குபவரின் மறதி.

இது சோம்பல் மட்டுமல்ல என்பதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. திலீப் சோமன் 1998இல் வெளியிட்ட ஆய்வின் சாரம்: பலனும் உழைப்பும் இரண்டுமே பிற்பாடு என்னும்போது, வாங்கும் நேரத்தில் உழைப்பு மிகச் சிறியதாகத் தெரிகிறது, அந்த நாள் வந்து சேரும்போது அதே உழைப்பு மலையாக நிற்கிறது. கடையில் நிற்பவர் முப்பது டாலரைப் பார்க்கிறார். வீட்டு மேசையில் உட்காருபவர் கத்தியைப் பார்க்கிறார். டிம் சில்க் செய்த ஆய்வில் இன்னொன்று வெளிப்பட்டது: கெடு நீள நீள, வாங்குபவருக்கு நம்பிக்கை கூடுகிறது, எழுதிக் கேட்போர் எண்ணிக்கை குறைகிறது. நாளைக்கு என்பதற்கு நிறைய நாள் இருக்கும்போது எந்த நாளும் இன்றாவதில்லை.

வாங்குநரை மூவகைப்படுத்தலாம்.

தலைவாங்குநர், வாங்கிய அன்று மாலையே, பொருளைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன், படிவத்தை நிரப்பி, எல்லாவற்றையும் நகல் எடுத்து, தபால்தலை ஒட்டி, மறுநாள் தபாலில் சேர்ப்பவர். இவரிடம் ரிபேட்டுகளுக்கென்று ஒரு கோப்பு இருக்கும். அனுப்பிய தேதி, வரவேண்டிய தேதி இரண்டும் அதில் எழுதியிருக்கும். நிறுவனங்கள் இவரை விரும்புவதில்லை. வீட்டிலுள்ளோரும் அந்த மாலையில் விரும்புவதில்லை.

இடைவாங்குநர், படிவத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைப்பவர். பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். பார்ப்பதையே செய்ததாக மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். கெடு முடிந்து ஐந்தாம் நாள் அவர் அதைக் கவனமாகப் படிப்பார். பிரேக்கேஜ் என்னும் வருமானம் பெரிதும் இவர் புண்ணியம்.

கடைவாங்குநர், பலகையில் இருந்த 49.99 டாலர்தான் விலை என்று எண்ணி, கல்லாவில் 79.99 கொடுத்து, வித்தியாசத்தை வரி என்று நினைத்துக்கொள்பவர். இவருக்கு வருத்தமில்லை. ஆய்வுக்கு அப்பாற்பட்டவர்.

6. கணக்கியல்

ரிபேட் விலைக்குறைப்பு என்ற தலைப்பில் எழுதப்பட்டாலும், கணக்குப் புத்தகத்தில் அதன் இடம் கூலி என்ற பத்தியில். வாங்குபவர் சிறிது நேரம் குமாஸ்தா வேலை செய்கிறார். அதற்குச் சம்பளம் இரண்டு மாதம் கழித்து, முதலாளி திருப்தியடைந்தால், கிடைக்கிறது. ஆகவே கட்டுப்படியாகுமா என்பதை மணிக்கூலியாகக் கணக்கிட்டுப் பார்ப்பதே முறை.

2005ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். தபால்தலை 37 சென்ட். உறை, நகல் ஆகியவற்றுக்கு 30 சென்ட் என்று வைத்தால் செலவு 67 சென்ட். அறுவை, படிவம், நகல், தபாற்பெட்டி, பிறகு வங்கி எல்லாம் சேர்த்து உழைப்பு 40 நிமிடம் என்று கொள்வோம். 30 டாலர் ரிபேட்டில் மிச்சம் 29.33 டாலர், மணிக்கு 44 டாலர். அன்றைய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர். இப்படிப்பட்ட வேலையை விடுவது அறிவுடைமை ஆகாது.

5 டாலர் ரிபேட்டில் மிச்சம் 4.33, மணிக்கு 6.50 டாலர். இதுவும் குறைந்தபட்சக் கூலிக்கு மேல்தான். ஆனால் நான்கு விண்ணப்பத்தில் ஒன்று தள்ளுபடியாகும் என்று வைத்தால், 5 டாலரின் எதிர்பார்ப்பு மதிப்பு 3.75, செலவு போக 3.08, மணிக்கு 4.62 டாலர். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை மீறிய வேலை இது. மீறியவரும் பாதிக்கப்பட்டவரும் ஒருவரே என்பதால் புகார் எழுவதில்லை. இதே கழிவுக்குப் பின்னும் 30 டாலர் ரிபேட் மணிக்கு 32 டாலருக்குக் குறையாமல் நிற்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியைச் சமன்பாடாக எழுதினால், உழைப்பு எல்லா ரிபேட்டுக்கும் ஒன்றே, தொகைதான் மாறுகிறது என்று வரும். ஆகவே சிறு ரிபேட்டை விடுவதும் பெரு ரிபேட்டைப் பிடிப்பதும் நெறி.

இக்கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது: விற்பனை வரி. உற்பத்தியாளரின் அஞ்சல்வழி ரிபேட்டுக்கு வரி பொதுவாக முழு விலையின்மேல். 79.99 டாலர் பொருளுக்கு 8 சதவீதம் என்றால் 6.40. உண்மையிலேயே 49.99 டாலருக்கு விற்றிருந்தால் 4.00. இந்த 2.40 டாலர் எந்தப் படிவத்தாலும் திரும்பி வராது. கடையில் நின்று, பக்கத்துக் கடையின் நேர்விலையோடு ஒப்பிடும்போது இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்கி வீட்டுக்கு வந்தபின், அனுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது சேர்க்கக் கூடாது. அது போனது போனதுதான். ஆறுதலாக ஒன்று: ரிபேட் தொகை வருமானமாகக் கருதப்படுவதில்லை, விலையில் குறைந்ததாகவே கருதப்படும், வருமான வரி இல்லை. கூலி என்று மேலே நிறுவப்பட்ட கொள்கையை அமெரிக்க வருமான வரித்துறை ஏற்கவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

காசோலைக்குப் பதில் முன்பணம் ஏற்றிய அட்டை வந்தால் மதிப்பு இன்னும் குறையும். 30 டாலர் அட்டையில் 28.40க்கு வாங்கியபின் எஞ்சும் 1.60 டாலரை எந்தக் கடையிலும் தனியே செலவழிக்க மனம் வராது. அது பர்சில் கிடந்து, காலாவதித் தேதியை அடைந்து, உடைவுக் கணக்கில் சேரும்.

7. சட்டவியல்

மறதியைச் சட்டம் தண்டிப்பதுமில்லை, காப்பதுமில்லை. விளம்பரத்தையும் கெடுவையும் மட்டுமே அது தொடுகிறது. கனெக்டிகட், ரோட் ஐலண்ட் மாநிலங்களில், ரிபேட் கழித்த விலையை விலையென்று விளம்பரப்படுத்தும் கடை, அந்தத் தொகையைக் கல்லாவிலேயே கழித்துத் தர வேண்டும். நியூயார்க்கில் விண்ணப்பிக்கக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். 60 நாளுக்குள் பணம் தர வேண்டும்.

கூட்டரசு வர்த்தக ஆணையம் 2005இல் காம்ப்யூஎஸ்ஏ கடைத்தொடர்மீது நடவடிக்கை எடுத்தது. அங்கே விற்ற க்யூ.பி.எஸ். நிறுவனப் பொருள்களின் ரிபேட் மாதக்கணக்கில் தாமதமாயிற்று, பலருக்கு வரவே இல்லை, அது தெரிந்தும் கடை தொடர்ந்து விளம்பரப்படுத்தியது என்பது குற்றச்சாட்டு. வழக்கு சமரசத்தில் முடிந்தது. உற்பத்தியாளரின் வாக்குக்குக் கடையும் பொறுப்பாகலாம் என்பது அதனால் விளைந்த பாடம். 2007 ஏப்ரலில் அதே ஆணையம் சான் பிரான்சிஸ்கோவில் ரிபேட் குறித்தே ஒரு நாள் கருத்தரங்கு நடத்தியது. அரசே மேசை போட்டு உட்கார்ந்து விவாதித்த பொருளை அற்பமென்று தள்ளுவதற்கில்லை.

8. ஒழிபியல்

மேற்கண்ட இயல்களில் அடங்காதவை இங்கே தொகுக்கப்படும்.

ரிபேட்டை ஒழித்தது சட்டமல்ல, எரிச்சல். பெஸ்ட் பை கடைத்தொடர் 2005 ஏப்ரலில், இரண்டாண்டுக்குள் அஞ்சல்வழி ரிபேட்டை விட்டுவிடுவதாக அறிவித்தது. ஆஃபீஸ்மேக்ஸ் 2006இல் விட்டது. வாடிக்கையாளர் புகார் ரிபேட் தந்த உற்பத்தியாளருக்குப் போகாமல் விற்ற கடையின் கல்லாவுக்கே வந்து நின்றதுதான் காரணம். ஸ்டேப்பிள்ஸ் கணினிவழி விண்ணப்பத்துக்கு மாறியது. அதில் கத்திக்கு வேலையில்லை.

முற்றிலும் அழிந்துவிடவில்லை. டயர், கண்ணில் அணியும் கான்டாக்ட் லென்ஸ் போன்றவற்றில் ரிபேட் இன்றும் உண்டு. பில்லைப் படமெடுத்து ஏற்றினால் போதும். மத்திய மேற்கு மாநிலங்களில் மெனார்ட்ஸ் கட்டுமானப் பொருள் கடையின் 11 சதவீத ரிபேட் பெயர்பெற்றது. அது பணமாக வராது. அதே கடையில் மறுபடி வாங்குவதற்கான சீட்டாக வரும். தச்சர், வீடு பழுதுபார்ப்போர் போல வாரம் இருமுறை அங்கே போக வேண்டியவருக்கு அது பணத்துக்குச் சமம். ஒரே ஒரு கதவுக் கைப்பிடி வாங்கப் போனவருக்கு அது இன்னொரு கைப்பிடி.

முடிபுகள் வருமாறு. ரிபேட் இல்லாவிட்டாலும் அந்த விலைக்கு வாங்குவாரென்றால் மட்டுமே ஒருவர் வாங்கலாம். ரிபேட் வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை. பத்து டாலருக்குக் கீழே இருந்தால் படிவத்தைக் கடையிலேயே குப்பையில் போடுவது நேரத்துக்கும் குளிர்பதனப் பெட்டிக் கதவுக்கும் நல்லது. அதற்கு மேல் இருந்தால் அன்றிரவே முடிக்க வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அறுப்பதற்கு முன் பொருளை மின்சாரத்தில் இணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும், அறுத்ததையும் அனுப்புவதையும் நகல் எடுப்பதும் கட்டாயம். எட்டு வாரம் கழித்து வரும் தபாலில் பளபளப்பான அட்டை எதையும் பிரித்துப் பார்க்காமல் எறியக் கூடாது. முன்பண அட்டை வந்தால், இணையக் கடைக் கணக்கில் அதே தொகைக்குப் பரிசுச் சீட்டாக மாற்றி ஏற்றிவிட்டால் சில்லறை எஞ்சாது.

மூக்கறுபட்ட பெட்டியை, காசோலை வங்கியில் சேரும்வரை பரணில் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு எறிந்துவிடலாம்.